‘டென்ஷன் ஆகாதே’ என்றவர்களும் என் ஃபைனல் இயர் பரீட்சையும்

டாக்டர் தொழிலில் கத்தியைப் பிடிப்பதற்கும் ஊசியைப் பிடிப்பதற்கும் முன்னால், பரீட்சை ஹாலில் நம் சொந்தக் கையை நடுங்காமல் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அதை மட்டும் நாலரை வருடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தருவதில்லையே தவிர, “டென்ஷன் ஆகாதே” என்று சொல்வதற்கு மட்டும் ஊரில் எல்லாருக்கும் வாய் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் எழுதினவர்களுக்கு, எழுதப் போகிறவர்களுக்கு, எழுதி எழுதிப் பழகிப்போனவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் படிக்கலாம். நாளைக்கு நீங்களும் யாரிடமாவது அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லப் போகிறவர்கள்தானே?

அமைதிக்கு அட்டெண்டன்ஸ்

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் கல்லூரிக்குத் திடீரென்று எங்கள் மனநலத்தின் மேல் அக்கறை வந்தது. ‘தேர்வு நேரத்தில் அமைதியும் தன்னம்பிக்கையும்’ என்ற தலைப்பில் இரண்டு மணி நேரச் சொற்பொழிவு. வராதவர்களுக்கு ஹால் டிக்கெட்டில் கையெழுத்து கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அமைதியாக இரு, இல்லாவிட்டால் தொலைத்துவிடுவேன் என்பதை இதைவிட மரியாதையாக எழுத முடியாது. படித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டு நூற்றைம்பது பேரும் போனோம்.

பேச வந்தவர் ஐ.டி. ஆபீஸ்கள் நிறைந்த சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கை ஊட்டுகிறவராம். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். ஏரிக்கரையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காதவர்களைக் கண்ணை மூடச் சொன்னால் என்ன ஆகும்? பாதிப் பேர் ஏரிக்கே போய்விட்டார்கள். நாலாவது வரிசையிலிருந்து குறட்டை வந்தது. அதைக் கேட்டும் கேட்காததுபோல ஸ்லைடு போடப் பார்த்தார். புரொஜெக்டர் எரியவில்லை. ரிமோட்டைத் தட்டினார், உதறினார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை. “இந்த ஆடிட்டோரியத்துக்கு யார் பொறுப்பு? இப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை!” என்று மைக்கிலேயே கத்தினார். முகமெல்லாம் வியர்வை.

முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சுதேஷ்ணா. முதல் வருடத்திலிருந்து எனக்கு அடுத்த ரோல் நம்பர், அதனால் தோழி. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். அவர் குடிக்கும்போது ஆறுதலாகப் பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் வாட்சைப் பார்த்தாள். இறங்கி வந்து புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அவருக்கு நாடித்துடிப்பு நூற்றுப்பத்து, எனக்கு எண்பது. யாரு யாருக்கு கிளாஸ் எடுக்கணும்?”

பாலம் தூக்கிக்கொண்டது

என் அப்பா கஸ்டம்ஸ் அதிகாரி. சொந்த ஊர் தூத்துக்குடி. நான் எட்டாவது படிக்கும்போது மாற்றலாகி இங்கே வங்காளத்துக்கு வந்தோம். துறைமுகத்தை ஒட்டி, கிடர்பூர் குவார்ட்டர்ஸில் வீடு. வீட்டுக்குள் தமிழ் பேசுவேன். ஆனால் எனக்குப் பயம் வருவது வங்காள மொழியில்தான். அப்பாவுக்குப் பயமே வராது. அப்படித்தான் அவர் சொல்வார்.

முதல் நாள் தியரி பேப்பருக்கு என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று கூடவே டாக்சியில் ஏறினார். வீட்டு வாசலிலிருந்து பெரிய ரோட்டுக்கு வருவதற்குள், “டென்ஷன் இல்லியே?” என்று ஆறு தடவை கேட்டுவிட்டார். ஹால் டிக்கெட்டை என் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, தன் சட்டைப் பையில் வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்து, என் பையில் வைத்தார். வைத்ததை மறந்து தன் சட்டைப் பையில் தேடினார்.

துறைமுகப் பாலத்துக்குப் பக்கத்தில் வந்தோம். பாலம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. கப்பல் உள்ளே வரும்போது அதை இரண்டாகத் தூக்கிவிடுவார்கள். கப்பல் போய்ச் சேரும்வரை லாரி, பஸ், கைவண்டி எல்லாம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கப்பல் சாவகாசமாக வந்தது. அதற்குப் பரீட்சையா, ஒன்றா? அப்பா டாக்சியை விட்டு இறங்கி, கப்பலுக்குக் கேட்கும் என்பதுபோலத் திட்டினார். “அறிவு கெட்டவனுவ! ஆபீஸ் போற நேரத்துல எவன்ல இவனை உள்ள விட்டான்?” என்றார். அப்புறம் கண்ணைச் சுருக்கிக் கப்பலின் பெயரைப் படித்தார். படித்ததும் சத்தம் நின்றுவிட்டது. டாக்சிக்குள் வந்து உட்கார்ந்தார். என்னப்பா என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: “ஒண்ணுமில்லட்டி. அந்தக் கப்பல் பேப்பர்ல நேத்து கையெழுத்துப் போட்டதே நாந்தான்.”

தயிரும் திருநீறும்

பாலம் இறங்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் ஹாலுக்குள் ஓடி, தியரி பேப்பர்களை எப்படியோ முடித்தேன். அடுத்து பிராக்டிகல். அன்றைக்குக் கீழ் வீட்டு மாஷிமா, எங்கள் வங்காளிப் பெரியம்மா, காலையிலேயே வந்துவிட்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வங்காளி வீடுகளில் நெற்றியில் தயிர்ப் பொட்டு வைப்பார்கள். முட்டையைக் கண்ணில் காட்ட மாட்டார்கள், மார்க்கும் முட்டையாகிவிடுமாம். மாஷிமா தயிரை வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய்த் திருநீற்றை அள்ளி வந்து அதன் மேலேயே பூசினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், விட்டுக்கொடுக்கவில்லை. மாஷிமா இன்னொரு சொட்டு வைத்தாள். அம்மா இன்னொரு சிட்டிகை. நாலரை வருடம் படித்தது நான், போட்டி அவர்களுக்குள்.

பஸ்ஸில் போகப் போக அது காய்ந்து இறுகி, புருவத்தைத் தூக்கினால் வலித்தது. கல்லூரி வாசலில் சுதேஷ்ணா என் நெற்றியை விரலால் தட்டிப் பார்த்தாள். “பிளாஸ்டர் நல்லா போட்டிருக்காங்க. எலும்பு எப்போ முறிஞ்சது?”

பாக்குவெட்டி

எங்கள் வகுப்பில் அனிர்பன் என்று ஒருவன். அவனுக்குப் பயம் கிடையாது. பயப்படுவதற்கு வேண்டிய அளவு படித்ததும் கிடையாது. ஜூனியர்களைக் கூட்டி வைத்து, “பதில் முக்கியமில்லை, சொல்ற விதம்தான் முக்கியம்” என்று வகுப்பெடுப்பான். எனக்கும் எடுத்திருக்கிறான். எரிச்சலோடு கேட்டிருக்கிறேன்; கேட்டேன் என்பதுதான் அவமானம்.

சர்ஜரி வாய்மொழித் தேர்வு. நீளமான மேஜையில் கருவிகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து அதன் பெயர், உபயோகம், கிருமி நீக்கும் முறை எல்லாம் சொல்ல வேண்டும். வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வெற்றிலைப் பிரியர். எனக்கு முன்னால் அனிர்பன். “உனக்குப் பிடித்ததை எடு” என்றார் அவர். இவன் மேஜை ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்தான். நிமிர்ந்து நின்றான். “எலும்பு வெட்டும் கருவி, சார். விலா எலும்பை வெட்டப் பயன்படும். ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்க வேண்டும்.” குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நான்கூட அது எலும்பு வெட்டிதான் என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

பேராசிரியர் கையை நீட்டி அதை வாங்கினார். பையிலிருந்து ஒரு கொட்டைப் பாக்கை எடுத்தார், அதில் வைத்து நறுக்கினார், வாயில் போட்டுக்கொண்டார். அறையில் அந்த ‘நறுக்’ மட்டும் கேட்டது. அப்புறம் பாக்குவெட்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “கிருமி நீக்கும் முறையைச் சொன்னதுக்கு நன்றி, தம்பி. இத்தனை வருஷமா நான் இதைக் கழுவினதே இல்லை.”

ஹாராதன் பாபுவின் மண்ணீரல்

மெடிசின் பிராக்டிகலில் காலையில் ஒரு நோயாளியைக் கொடுத்து, முக்கால் மணி நேரம் விசாரித்துப் பரிசோதித்து, என்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எனக்கு வந்தவர் ஹாராதன் பாபு. பவானிபூரில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரைக்கும் வந்திருந்தது. இந்த மாதிரி நல்ல கேஸ்களை ஒவ்வொரு பரீட்சைக்கும் வரச் சொல்லிவிடுவார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், ஒரு நாளிதழோடு வந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். பரீட்சை எனக்கா, அவருக்கா என்று பார்க்கிறவர்கள் குழம்பியிருக்க மாட்டார்கள். ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், மற்றவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் படித்தது அத்தனையும் போய்விட்டது. அவருடைய பெயரைக் கேட்டேன், எழுதினேன். மறுபடி பெயரைக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் வயிற்றில் கையை வைத்ததும் துள்ளினார். ஐஸ் மாதிரி இருந்ததாம். “போன தடவை வந்த பையன் விலா எலும்புக்குக் கீழே மேலாகவே தடவிட்டு, ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டான். இவ்வளவு பெரிசைத் தவற விடறதுக்கும் ஒரு திறமை வேணும்” என்றார். அவருக்கு அது நோய் மாதிரியே தெரியவில்லை; ஏதோ பூர்வீகச் சொத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அவர் சட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டு, மறுபடி பேனாவைத் திறந்தார். “கையைத் தேய்ச்சுச் சூடாக்கிக்கோ, மா. வலது பக்கம் அடியிலிருந்து ஆரம்பி. அது எங்கேயும் ஓடிப்போகாது.”

மூன்றாம் நம்பர் கட்டில்

அன்று மதியம் சின்ன கேஸ்கள். மூன்றாம் நம்பர் கட்டிலில் ரபேயா பீபி. முப்பது வயது இருக்கும். இதய வால்வு சுருங்கியவள். அந்த இதயச் சத்தம் சரியாகக் கேட்க வேண்டுமென்றால் நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பதினோரு பேர் அவளை அப்படிப் புரட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதுகுக்கு இருந்த தலையணைகளையும் யாரோ எடுத்துக் கீழே போட்டிருந்தார்கள். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்களிடம் முடியாது என்று சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரியாது.

நான் போனபோது அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். இருமினாள், துப்பட்டாவில் நுரையாக வந்தது. நுரையீரலில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் திரும்பி, “சார், இவங்களுக்கு மூச்சுத் திணறுது” என்றேன். தேர்வாளர் இரண்டு பேர். ஒருவர் டீயில் பிஸ்கெட் தோய்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் தலையைத் தூக்காமலே, “டென்ஷன் ஆகாதே. நிதானமா இரு. முதல்ல என்ன பண்ணணும்? கண்ணால பார்க்கணும். என்ன பார்க்கிற?” என்றார். நான் பார்த்ததைத்தானே சொல்கிறேன்! “சார், மூச்சு...” என்றேன் மறுபடி. “பதற்றத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்” என்றார், ரொம்பக் கனிவாக.

அந்தக் கனிவைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. “ஷெஃபாலிதி, ஆக்சிஜன்!” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினேன். வார்டுப் பொறுப்பு நர்ஸ் அவள், எல்லாருக்கும் அக்கா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நோயாளியின் முகத்தைப் பார்த்தாள், ஓடினாள். நான் தலையணைகளை அள்ளி முதுகுக்கு வைத்து, காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தேன். மாஸ்க் வந்தது. வார்டு டாக்டர் ஓடி வந்து நீர் இறங்குவதற்கான ஊசி போட்டார். டீக்காரர் எழுந்து நின்றார். பிஸ்கெட் கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ரபேயா பீபியின் உதடு நிறம் திரும்பியது. அவள் கை என் கோட்டுப் பையைப் பிடித்திருந்தது, விடவே இல்லை. என் கை நடுங்காமல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கவனித்த உடனே நடுங்க ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் அடங்கினதும் அந்தக் கனிவான தேர்வாளர் மார்க் தாளை எடுத்தார். இதயச் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டார். கேட்டுப் பார்க்கவில்லை சார் என்றேன். எந்த இடத்தில் கேட்க வேண்டும்? சொன்னேன். ஆனால் கேட்கவில்லை? இல்லை சார். அவர் பெருமூச்சு விட்டு எதையோ எழுதினார். “நீ செஞ்சது தப்புன்னு சொல்லலை. ஆனா பரிசோதனையை முடிக்காம வைத்தியத்துக்குப் போயிட்டியே.”

ரிசல்ட்

மெடிசின் பிராக்டிகலில் நான் ஃபெயில். அனிர்பன் பாஸ், சர்ஜரியில் நல்ல மார்க்காம். சுதேஷ்ணா பாஸ். ஃபெயிலானவர்களுக்குச் சில மாதம் கழித்து மறுபடி ஒரு பரீட்சை. அதை இங்கே ‘சப்ளி’ என்பார்கள், ஏதோ செல்லப் பெயர் மாதிரி. அப்பா இரண்டு நாள் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். மாஷிமா, யார் வீட்டில் முட்டை வாங்கினார்கள் என்று விசாரித்தாளாம். நான் அழுதேன், அதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை, நீங்களும் அழுதிருப்பீர்கள்.

மார்க் ஷீட் வாங்கக் கல்லூரிக்குப் போன அன்று வெளி நோயாளிகள் பிரிவில் என் கோட்டை யாரோ பிடித்து இழுத்தார்கள். ரபேயா பீபி. வால்வு சிகிச்சைக்குத் தேதி வாங்க வந்திருக்கிறாளாம். முகம் கொஞ்சம் தேறியிருந்தது. கூட இருந்த கணவனிடம், இவர்தான் அந்த டாக்டர் என்று காட்டினாள். நான் இன்னும் டாக்டர் இல்லை, ஃபெயிலாகிவிட்டேன் என்றேன். எதில் என்று கேட்டாள். உங்கள் கட்டிலில்தான் என்றேன். அவள் கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தனக்குத்தான் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகக் கேட்டாள்: “நீங்க ஃபெயில்னா, டீ குடிச்சிட்டிருந்தாங்களே, அவங்க பாஸா?”

நரம்பு கிடைக்கவில்லை

சப்ளி நாள். அதே வார்டு. அதே வாடை. அனிர்பன் இப்போது இன்டர்ன். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பையில் நாலு பேனா. என்னைப் பார்த்ததும் தோளைத் தட்டி, “கான்ஃபிடன்ஸ்! அதுதான் உனக்குக் குறை” என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தான். இந்தத் தடவை தோளைத் தட்டவில்லை. ஏழாம் நம்பர் கட்டிலில் டிரிப் ஏற்ற வேண்டும், மூன்று தடவை குத்தியாகிவிட்டது, இன்னொரு தடவை குத்தினால் ஷெஃபாலிதி தன்னைக் குத்திவிடுவாள் என்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்க் வாங்காத நான் போய், மார்க் வாங்கின அவன் குத்தி வீங்க வைத்திருந்த கையை விட்டுவிட்டு, மறு கையில் தடவிப் பார்த்து ஏற்றிக் கொடுத்தேன். முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. நோயாளி உட்பட எல்லாருக்கும் ஆச்சரியம், எனக்குத்தான் அதிகம். கான்ஃபிடன்ஸ் என்ன ஆயிற்று என்று அவனிடம் கேட்டேன். பாவம், பொய் சொல்லவில்லை. “அது இருக்கு. நரம்புதான் கிடைக்கலை.”

சுத்தியல்

இந்தத் தடவை வேறு தேர்வாளர்கள். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைக் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே தட்டிக் கால் உதறுகிறதா என்று பார்க்கிற சின்ன ரப்பர் சுத்தியலை எடுத்தேன். இரண்டாவது முறை எழுதுகிறோமே, பழகியிருக்கும் என்று நினைப்பீர்கள். கிடையவே கிடையாது. உள்ளங்கை வியர்வையில் சுத்தியல் வழுக்கிப் போய், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தேர்வாளரின் கால் விரல் மேல் விழுந்தது. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான், இன்னொரு சப்ளி என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் குனிந்து சுத்தியலை எடுத்தார். என் கையில் கொடுத்தார். மார்க் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது; பாஸாகிவிட்டேன், இப்போது இன்டர்ன். அவர் செருப்புக்குள் விரலை அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “என்னோட ரிஃப்ளெக்ஸ் சரியா இருக்கு. இப்போ நோயாளியோடதைப் பார்.”

ஆக, என் அனுபவத்தில், பரீட்சையின்போது அமைதியாக இருப்பது ரொம்பவும் சுலபம்; அந்தப் பரீட்சையை வேறு யாராவது எழுதிக்கொண்டிருந்தால் போதும்.